மெமரி கார்டில் கடைக் கணக்கு: நகல் எடுப்பதும் திரும்பப் போடுவதும்

நமது பெரியவர்கள் கடை நடத்திய காலத்தில் ஒரே வியாபாரம் இரண்டு இடத்தில் எழுதப்பட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் சிட்டை இருக்கும். நடந்தது நடந்தபடியே அதில் ஏறும். இரவு கடை கட்டிய பிறகோ மறுநாள் காலையிலோ கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துப் பேரேட்டில் ஆள் வாரியாகப் பதிவார். பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டாலும் சிட்டைக் கட்டு பரணில் இருந்தால் யார் பாக்கி எவ்வளவு என்பதைத் திரும்பக் கூட்டி எடுத்துவிடலாம். நகரத்தார் இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த கடைகளின் கணக்கை அங்கிருந்த ஏஜெண்டுகள் எழுதிச் செட்டிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் மேற்பார்வைக்காக ஏற்பட்ட வழக்கம்தான் என்றாலும், கணக்கு கடலுக்கு இந்தப் பக்கமும் ஒன்று இருந்தது.

இன்று கோடம்பாக்கம் ஆற்காடு சாலையில் ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பில்லிங் மெஷின் ஒன்று மேசை மேல் இருக்கிறது. பொருள் பட்டியல், விலை, வரி விகிதம், பில் எண், வாடிக்கையாளர் நிலுவை எல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. சில மாடல்களில் அவை மெஷினுக்கு உள்ளேயே பதிகின்றன. சிலவற்றில் கட்டை விரல் நகம் அளவுள்ள மெமரி கார்டில் பதிகின்றன. அந்த ஒரு கார்டு நின்றுவிட்டால் சிட்டையும் போயிற்று, பேரேடும் போயிற்று. மெஷினை வேறு வாங்கிவிடலாம். எந்த மெஸ்ஸுக்கு எத்தனை மூட்டை அரிசி கடனாகப் போயிருக்கிறது என்பதை எந்தக் கடையில் வாங்குவது?

பில்லின் கார்பன் நகல் இருக்கிறதே என்று சொல்லிய காலமும் போய்விட்டது. இப்போது நாம் கிழித்துக் கொடுப்பது சூட்டில் கறுக்கும் தெர்மல் தாள். வெயில் படும் இடத்தில் வைத்தால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும். ஆகவே தாளை நம்பி கார்டை விட்டுவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, பதிவு பெற்ற வணிகர் தமது கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 72 மாதம் என்றால் 6 வருஷம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023-24 நிதியாண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2030 டிசம்பர் 31. அதாவது 2023 ஏப்ரலில் போட்ட ஒரு பில்லின் விவரம் 7 வருஷமும் 9 மாதமும் நம்மிடம் இருக்க வேண்டும். அப்பீல், விசாரணை ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டி வரலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று, ஜி.எஸ்.டி. விதிகளில் 57-வது விதி. கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர் அதற்கு முறையான நகல் வைத்திருக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ அசல் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் விவரங்களைத் திரும்ப எடுக்க முடியும்படி அந்த நகல் இருக்க வேண்டும் என்கிறது விதி. இயற்கைக் காரணம் என்று விதியே எடுத்துச் சொல்லிவிட்டபடியால், "வெள்ளத்தில் போய்விட்டது ஐயா" என்ற பதிலோடு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. அதிகாரி கேட்டால் கோப்புகளின் விவரத்தையும் பாஸ்வேர்டையும் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. இந்தப் பாஸ்வேர்டு சங்கதிக்குப் பிறகு வருவோம்.

வெள்ளம் என்றதும் நம் பகுதிக்கு 2015 டிசம்பர் நினைவுக்கு வராமல் போகாது. டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையிலும் அடையாற்றில் வந்த வெள்ளத்திலும் ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர், மேற்கு மாம்பலம் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர், அதன் கீழ்த் தட்டில் பத்திரமாக வைத்த ஹார்ட் டிஸ்க், பக்கத்து அலமாரியில் இருந்த பென் டிரைவ் எல்லாம் ஒரே இரவில் நனையக்கூடிய ஏற்பாட்டில்தான் பெரும்பாலான கடைகள் இருந்தன. ஸ்டாக் எவ்வளவு நனைந்தது என்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்கும்போது காட்ட வேண்டிய ஸ்டாக் கணக்கும் அதே தண்ணீரில் கிடந்தால் என்ன செய்வது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரம் மறுபடி அதே பாடு பட்டது.

கார்டு எப்படிக் கெடுகிறது

மெமரி கார்டுக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்து, அதன் அளவைக் கொண்டு விவரத்தைக் குறிக்கிறார்கள். எந்த விவரம் எந்த அறையில் இருக்கிறது என்ற அட்டவணையைக் கார்டுக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோலர் என்ற சிறு சில்லு வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்ற வரம்பு உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கார்டை உருவினாலோ அட்டவணை குழம்பிப்போகும். கன்ட்ரோலரே பழுதானால் அறைகளில் எல்லாம் இருந்தும் கார்டு ஒரேயடியாக ஊமையாகிவிடும். பேரேடு பக்கம் பக்கமாகக் கெடும், நமக்கும் கண்ணில் படும். கார்டு நேற்று இரவு வரை நன்றாக இருந்தது என்பதே பலருடைய அனுபவம்.

உபயோகிக்காமல் பீரோவில் வைத்தால் பத்திரம் என்பதும் முழுக்கச் சரியில்லை. அடைத்து வைத்த மின்னூட்டம் வருஷக் கணக்கில் மெல்லக் கசியும், சூடான இடத்தில் இன்னும் சீக்கிரம். கார்டையோ பென் டிரைவையோ 7 வருஷத்துக்குப் பூட்டி வைக்கும் பெட்டகமாக நினைக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை அதிலிருப்பதைப் புதிய ஒன்றில் ஏற்றிக்கொள்வது நல்லது.

போலிக் கார்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடைபாதையிலும் இணைய விற்பனையிலும் 256 ஜி.பி. என்று மேலே அச்சிட்டு, உள்ளே 8 அல்லது 16 ஜி.பி. மட்டும் உள்ள கார்டுகள் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரில் போட்டால் 256 என்றே காட்டும், ஏனென்றால் கன்ட்ரோலரைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். உண்மையான கொள்ளளவு நிறைந்த பிறகு எழுதுவது எதுவும் நிற்காது, அல்லது பழையதன் மேலேயே ஏறும். நகல் எடுத்தோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே காற்றுதான் இருக்கும். எடை போடாமல் மூட்டை இறக்காதவர்கள் நாம். புதுக் கார்டையும் அப்படியே எடை போட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து அசல் கொள்ளளவைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிட்டுப் போகலாம்.

படப்பிடிப்புத் தளத்தில் நடப்பது

இந்த விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் நம் தெருவிலேயே நடக்கிறது. கோடம்பாக்கம் என்றால் ஊருக்கெல்லாம் சினிமாதானே.

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் என்று சொல்லப்படும் 'கீசக வதம்' எடுத்த ஆர்.நடராஜ முதலியார் நம் இனத்தவர், அதாவது வியாபாரி. மோட்டார் வண்டியும் உதிரி பாகமும் விற்றுக்கொண்டிருந்தவர். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டுடியோ போட்டு அந்தப் படத்தை எடுத்தார். 1918-இல் வெளிவந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று அதன் ஒரு பிரதிகூடக் கிடையாது. முதல் தமிழ் பேசும் படமாகிய 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படத்துக்கும் அதே கதி. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே மக்கும், தீப்பிடிக்கும். ஓடி முடித்த பெட்டியை யாரும் பொருட்படுத்தவும் இல்லை.

அந்தத் தொழில் இன்று கார்டுக்கு மாறிவிட்டது. நெகட்டிவ் போய் 2010-களில் டிஜிட்டல் கேமரா வந்த பிறகு, ஒரு நாள் படப்பிடிப்பு முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் சில கார்டுகளில் இருக்கிறது. நடிகர் கால்ஷீட், செட், 200 பேர் சாப்பாடு என்று செலவான லட்சங்கள் அந்தக் கார்டில்தான் நிற்கின்றன. ஆகவே ஒழுங்காக வேலை செய்யும் யூனிட்டுகளில் இதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். கேமராவிலிருந்து கழற்றிய கார்டு அவர் கைக்கு வரும். எழுத முடியாதபடி அதன் பூட்டைத் தள்ளிவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவார். ஏற்றியது சரியாக ஏறியதா என்று ஒப்புப் பார்ப்பார். டிஸ்க்குகள் ஒரே வண்டியில் போகாது. எடிட்டிங் அறையில் திறந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கார்டை அழித்துக் கேமராவுக்குத் திருப்பித் தர மாட்டார், உதவி இயக்குநர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

ஒப்புப் பார்ப்பது என்றால் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதில்லை. பேரேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் கூட்டுத்தொகை போடுகிறோம் அல்லவா, அதைப் போல ஒரு கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தினால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர் வரும். இதை ஹாஷ் என்பார்கள். உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தொடர் மாறிவிடும். அசலின் தொடரும் நகலின் தொடரும் ஒன்றாக இருந்தால் நகல் சரி. விண்டோஸில் இதற்கான 'செர்ட்யூட்டில்' கட்டளை கூடவே வருகிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை.

இத்தனை முன்னெச்சரிக்கை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 1998-இல் நடந்ததைச் சொல்லலாம். 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தட்டிய ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துபோனது. நகல் நாடா இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், நகல் எடுக்கும் ஏற்பாடு சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை. யாரும் திரும்ப ஏற்றிப் பார்க்காததால் அது தெரியவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்த கேலின் சூஸ்மன் என்ற பெண் அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. படம் அதனால்தான் பிழைத்தது. 1999-இல் வெளியாகி நன்றாக ஓடியது. நகல் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. வேறு இடத்தில் இருந்ததும் திறந்து பார்த்தபோது வேலை செய்ததும்தான் காப்பாற்றின.

கடைக்கு எது பொருந்தும்

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு. மொத்தம் 3 பிரதி, 2 விதமான சாதனம், அதில் 1 வேறு இடத்தில். கடையில் ஓடும் கார்டு ஒன்று. கம்ப்யூட்டரிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ ஒன்று. வீட்டிலோ, மாடியில் இருக்கும் உறவினரிடமோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ, இணையத்தில் கிளவுடிலோ ஒன்று. நமக்கு இது போதும். எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகியபடி இருக்கும் டிஸ்க்கை மட்டும் தனிப் பிரதியாக எண்ண வேண்டாம். வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும், தண்ணீர் வந்தாலும் அப்படித்தான்.

எடுக்கும் முறை மெஷினைப் பொறுத்தது. பெரும்பாலான பில்லிங் மெஷின்களில் மெனுவிலேயே 'பேக்கப்' என்று ஒன்று இருக்கும். பென் டிரைவ் செருகி அதை அழுத்தினால் பொருள் பட்டியலும் விற்பனை விவரமும் கோப்பாக வந்துவிடும். விற்பனை அறிக்கை மட்டும் வருகிறதா, பொருள் பட்டியலும் நிலுவையும் சேர்ந்து வருகிறதா என்பதை மெஷின் விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிக்கை வேறு, நகல் வேறு. அறிக்கையை ஆடிட்டருக்கு அனுப்பலாம், அதைக் கொண்டு மெஷினை மறுபடி ஓட வைக்க முடியாது.

மெஷினின் இயக்க மென்பொருளே கார்டில் இருக்கும் மாடல்களும் உண்டு. சிறிய போர்டு கம்ப்யூட்டரை வைத்துச் செய்த பல கருவிகள் இந்த வகைதான். அவற்றில் கோப்புகளைப் பிடித்து இழுத்து வேறு கார்டில் போட்டால் மெஷின் கிளம்பாது. கார்டை முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை அப்படியே ஒரே கோப்பாக எடுக்க வேண்டும். இதை 'இமேஜ்' என்பார்கள். மெஷினை முறைப்படி அணைத்து, கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு, 'வின்32 டிஸ்க் இமேஜர்' என்ற இலவச மென்பொருளால் படித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான ஆபத்து இருக்கிறது. அந்தக் கார்டில் உள்ள பதிவு முறை பல சமயம் விண்டோஸுக்குப் புரியாது. கார்டைச் செருகியவுடன், "இதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று திரையில் கேட்கும். கார்டு கெட்டுப்போனது என்று நினைத்து 'எஸ்' என்று தட்டிவிடுகிறவர்கள் உண்டு. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸுக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. 'கேன்சல்' அழுத்திவிட்டு இமேஜ் எடுக்கும் வேலையைத் தொடருங்கள். மென்பொருளில் 'ரீட்', 'ரைட்' என்று இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கும். நகல் எடுக்கும்போது அழுத்த வேண்டியது ரீட். மாற்றி அழுத்தினால் பழைய இமேஜ் புதுக் கணக்கின் மேல் ஏறிவிடும். பெரிய கார்டாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள பூட்டை முதலிலேயே தள்ளிவிடலாம். நகத்தளவுக் கார்டில் பூட்டு கிடையாது, அதைப் போடும் அடாப்டரில் இருக்கும்.

திரும்ப எழுதுவதற்கு வாங்கும் கார்டு பழையதைவிடப் பெரிதாக இருக்கட்டும். 32 ஜி.பி. என்று எழுதிய இரண்டு கம்பெனிக் கார்டுகள் உள்ளே கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். இமேஜ் சிறிது அதிகமாக இருந்தாலும் எழுத மறுத்துவிடும். 32-க்கு 64 வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு முன் மெஷின் 64 ஜி.பி. கார்டை ஏற்குமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய கருவிகள் சில 32-க்கு மேல் ஏற்காது.

திரும்பப் போடும்போது

நகல் எடுப்பவர்களில் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மெஷின் கெட்ட அன்றுதான் முதல் முறையாகத் திரும்பப் போடுகிறார்கள், அதுவும் தீபாவளிக்கு முந்தின வாரக் கூட்டத்தில். அன்றைக்கு எதிர்பாராத இரண்டு சிக்கல் வரும். இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது பில் எண். கடைசி நகல் வெள்ளிக்கிழமை இரவு எடுத்தது, கார்டு கெட்டது செவ்வாய்க்கிழமை மதியம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு பில் எண் 4210-இல் நின்றிருக்கும். இடையில் 4211 முதல் 4630 வரை பில் கொடுத்தாகிவிட்டது. நகலைத் திரும்பப் போட்டதும் மெஷின் ஒன்றும் அறியாததுபோல் மறுபடி 4211 என்று ஆரம்பிக்கும். ஒரே எண்ணில் இரண்டு பில்! ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி ஒரு நிதியாண்டில் பில் எண் தொடர்ச்சியாகவும் ஒரு முறை மட்டும் வருவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே திரும்பப் போட்டவுடன், முதல் வாடிக்கையாளருக்குப் பில் போடும் முன்பே, அடுத்த எண்ணை 4631 என்று மாற்ற வேண்டும். கடைசியாகக் கொடுத்த எண் நினைவில் இல்லை என்றால் முன்னால் ஒரு புது எழுத்தைச் சேர்த்துப் புதுத் தொடராக ஆரம்பித்துவிடலாம். ஏன் தொடர் மாறியது என்று தேதியுடன் ஒரு குறிப்பெழுதி ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது விலையும் வரியும். நகல் எடுத்த அன்று இருந்த விலையும் வரி விகிதமும்தான் திரும்ப வரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் பெரிய அளவில் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் இவையெல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. அதற்கு முன் எடுத்த இமேஜை இன்று திரும்பப் போட்டால் மெஷின் பழைய 18 சதவீதத்தையே அச்சடிக்கும். வாடிக்கையாளர் கவனித்தால் சண்டை, கவனிக்காவிட்டால் பின்னால் துறையின் நோட்டீஸ். விலையோ வரியோ மாற்றிய நாளில், வழக்கமான நாள் வருவதற்குக் காத்திராமல் அன்றே ஒரு நகல் எடுப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

இடைப்பட்ட நாட்களின் வியாபாரத்தை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் பழைய சிட்டை கை கொடுக்கிறது. தினமும் கடை கட்டும்போது மெஷினில் நாள் முடிவு அறிக்கை ஒன்று அச்சடிக்கலாம். அதில் கடைசி பில் எண், மொத்த விற்பனை, வரி வாரியான தொகை எல்லாம் வரும். அந்தச் சீட்டைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டில் உள்ள ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அன்றைக்குக் கடன் போனதை மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு நிமிஷ வேலை. வாரம் ஒரு முறை முழு நகல், தினமும் இந்தச் சீட்டு என்று வைத்துக்கொண்டால், எந்த நாள் கார்டு போனாலும் கணக்கைக் கட்டி எழுப்பலாம். நமது கருத்தில், ஆயிரம் ரூபாய் மென்பொருளைவிட இந்தச் சீட்டுப் பழக்கம் மேல்.

ஒத்திகைக்கு ஒரு நாள் வேண்டும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின இரவு, ஓடுகிற கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, நகலிலிருந்து எழுதிய புதுக் கார்டைப் போட்டு மெஷினை இயக்கிப் பாருங்கள். பொருள் எண்ணிக்கை சரியா, கடைசி பில் எண் எது, பெரிய நிலுவைக்காரர் இரண்டு பேரின் பாக்கி நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். சரியாக இருந்தால் பழைய கார்டையே திரும்பப் போட்டுக்கொண்டு, புதியதை மாற்றுக் கார்டாக வைத்துக்கொள்ளலாம். ஒத்திகையில் அந்தக் கார்டில் போட்ட சோதனை பில் அசல் கணக்கில் கலக்காது.

கேமராவும் செல்போனும்

கடைக் கேமராவில் கார்டு போட்டிருப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவாகும் கேமரா ஒரு நாளில் சுமார் 21 ஜி.பி. எழுதும். 64 ஜி.பி. கார்டு 3 நாளில் நிறைந்துவிடும். பிறகு பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். சனிக்கிழமை போன சரக்கை வியாழக்கிழமை ஸ்டாக் எடுக்கும்போது கண்டுபிடித்தால், கேமரா பார்த்ததை மறந்துவிட்டிருக்கும். சந்தேகம் வந்த நிமிஷமே அந்தப் பகுதியை நகல் எடுத்துவிட வேண்டும். வழக்கு வரை போகும் விஷயமாக இருந்தால் கார்டையே கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழ் ஒன்று தர வேண்டும். அதில் மேலே சொன்ன ஹாஷ் தொடரையும் குறிப்பிட வேண்டும். இரவு பகலாக எழுதும் வேலைக்கு 'ஹை எண்டியூரன்ஸ்' என்று எழுதிய கார்டுதான் தாங்கும்.

செல்போனில் கடைக் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கார்டைப் போனின் உள் நினைவகமாகச் சேர்த்திருக்கிறீர்களா என்பது. அப்படிச் சேர்த்தால் போன் அதைத் தனக்கு மட்டும் புரியும்படி பூட்டிவிடும். போன் உடைந்தால் கார்டு நன்றாக இருந்தும் வேறு எதிலும் படிக்க முடியாது. அவர்கள் கார்டை நம்பாமல் செயலியின் சொந்த நகல் வசதியைப் பயன்படுத்த வேண்டும். யூ.பி.ஐ. வரவுகள் வங்கிக் கணக்கில் பதிவாகிவிடுவதால் அவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

கார்டு படிக்கவில்லை என்றால்

முதல் காரியம், கையை எடுத்துவிடுவது. அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. பேரேட்டின் முதல் பக்கத்து அட்டவணையில் ஒரு பெயரை அடித்தது போலத்தான், உள்ளே பக்கம் அப்படியே இருக்கும். மேலே புதிதாக எழுதும்போதுதான் அது போகிறது. ஆகவே தெரியாமல் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு பில்கூடப் போடாதீர்கள். 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள் பலவற்றை மீட்டுத் தரும். மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதியதாகிவிடும். கார்டு எதிலும் தெரியவே இல்லை என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும். செலவு அதிகம், உத்தரவாதம் கிடையாது. என்ன வரும், எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அழித்தாலும் உள்ளே இருக்கும் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் தள்ளும்போது கார்டோடு கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் செல் நம்பரும் கொள்முதல் விலையும் அதில் இருக்கின்றன. வேண்டாத கார்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப் போடுங்கள்.

பாஸ்வேர்டு சங்கதி பாக்கி இருக்கிறது. நகலுக்குப் பாஸ்வேர்டு போட்டவர் அண்ணாச்சி ஒருவர் மட்டுமே என்றால், அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட வாரத்தில் நகல் இருந்தும் பயனில்லை. 57-வது விதிப்படி துறைக்கும் அது தேவைப்படலாம். ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கடைச் சாவியின் இரண்டாவது கொத்து யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கொடுத்து வையுங்கள். கூடவே மாற்றுக் கார்டையும், நகல் எடுத்த தேதி எழுதிய சீட்டோடு. மெஷினை சர்வீஸுக்கு எடுத்துப்போக ஆள் வந்தால், நகல் எடுத்து முடித்து, கார்டைக் கழற்றி வைத்துக்கொண்ட பிறகே மெஷினைக் கையில் கொடுங்கள். கார்டு இல்லாமல் பார்க்க முடியாது என்று அவர் சொன்னால் அந்த மாற்றுக் கார்டைக் கொடுத்து அனுப்பலாம்.